படிக்காமல் விட்ட வரிகள்

வெஸ்லி சாருக்கு சி மொழியின் மேல் கோபம் கிடையாது. எனக்கு உண்டு. கணினிக்கென்று மனிதர்கள் கண்டுபிடித்த மொழிகளில் இவ்வளவு அழிச்சாட்டியம் பிடித்தது வேறு இல்லை என்று அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். "அது சின்னப் புள்ளை மாதிரி மா. வளத்தவங்க எப்படியோ அப்படி" என்று சிரிப்பார். வளர்த்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், ஆளுக்கொரு மாதிரி வளர்த்தார்கள். அவர்கள் எழுதிப் போட்டதையெல்லாம் உட்கார்ந்து படிக்க செகந்திராபாத்தில் ஒரு மனிதர் பிறக்க வேண்டியிருந்தது.

எங்கள் கம்பெனி தார்நாகாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. சாயங்காலம் ஆனால் கீழேயிருந்து பப்ஸ் வாசனை ஏறி வந்து வேலையைக் கெடுக்கும். நாங்கள் செய்து விற்றது ஒரே ஒரு கருவி. அடுத்தவர் எழுதிய சி நிரலை அது படிக்கும். படித்துவிட்டு, இந்த இடத்தில் பிழை இருக்கிறது, இங்கே இயந்திரம் தடுமாறும் என்று சொல்லும். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், லிஃப்ட் போன்றவற்றுக்குள் ஓடுவது பெரும்பாலும் சி நிரல்தான். பிழை கண்டுபிடிப்பது இரண்டாவது வேலை. முதலில் படிக்க வேண்டும். அந்தப் படிக்கும் பகுதிக்கு பார்சர் என்று பெயர். அதை எழுதியவர் வெஸ்லி சார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் எழுதியது அது ஒன்றைத்தான்.

நான் அதைச் சோதிப்பவள். கோவில்பட்டியிலிருந்து கோர்ஸ் படிக்க அமீர்பேட்டுக்கு வந்து, ஹாஸ்டல் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டு, கடைசியில் இந்த மாடிக்கு வந்து சேர்ந்தேன். நான் குறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் நாக்குக்கு ஏற்ற உத்தியோகம் என்று என் அம்மா போனில் சொல்லுவாள்.

படிப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். சி நிரலில் ஒரு வரியைப் பார்த்தால் அது பெருக்கல் கணக்கா, புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்துகிறதா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு எங்கேயோ முன்னால், வேறொரு கோப்பில், யார் என்ன சொல்லி வைத்தார்கள் என்று தேடிக்கொண்டு போக வேண்டும். இது சில்லறைக் கஷ்டம், மருந்து உண்டு. சிப் விற்கும் கம்பெனிக்காரர்கள் மொழியிலேயே இல்லாத குறிகளை நடுவில் செருகி வைப்பார்கள். அதற்கும் ஒவ்வொன்றாக ஒட்டுப் போடலாம்.

மருந்தே இல்லாதது சுவிட்ச். பழைய போர்டு என்றால் இந்த வரிகளை எடுத்துக்கொள், புதிய போர்டு என்றால் அந்த வரிகளை எடுத்துக்கொள் என்று நிரலுக்குள்ளேயே சுவிட்ச் வைத்திருப்பார்கள். எழுதியவர் அவசரத்தில் பழையதற்கு ஒரு அடைப்புக்குறி திறப்பார், புதியதற்கு ஒரு அடைப்புக்குறி திறப்பார், மூடுவது மட்டும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தெரியாமல் மொத்தத்தையும் படிக்க உட்காரும் கருவிக்கு இரண்டு திறப்பு, ஒரு மூடல். பாவம், அது அங்கேயே குழம்பி நின்றுவிடும்.

நின்றுபோகும் கருவியை எவன் வாங்குவான்? அதனால் ஆரம்ப காலத்தில் வெஸ்லி சார் அதற்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தார். குழம்பினால், அந்தப் பகுதி எங்கே முடிகிறதோ அதுவரை தாண்டிப் போய், அடுத்ததிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கும். விட்டதைப் பற்றி வாயே திறக்காது. விட்ட இடத்தில் பிழையைத் தேடாததால் அந்த இடத்துக்குப் பிழை பூஜ்யம் என்று கணக்காகிவிடும். வாங்குகிறவர்களுக்கும் மனம் குளிர்ந்துவிடும். அந்தக் காலத்தில் ஒரு நெருக்கடி வந்தபோது எங்கள் முதலாளி கணேஷ்குமார் அந்தப் பார்சரின் ஒரு பிரதியை பெங்களூர் ஆசாமிகள் யாருக்கோ விற்றுத்தான் எல்லோருக்கும் சம்பளம் போட்டார். கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் இல்லை. சம்பளத் தேதி நெருங்கினால் மட்டும் கொஞ்சம் கெட்டவர்.

வெஸ்லி சாரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சி மொழியில் பல தகவல்களை ஒன்றாக மூட்டை கட்டி வைக்கலாம். மூட்டைக்குப் பெயர் வைக்காமலும் விடலாம். ஆனால் படிக்கும் கருவிக்கு ஏதாவது ஒரு பெயர் இல்லாமல் வேலை ஓடாது. அதனால் பார்சர் எழுதுகிறவர்கள் பெயரில்லாத மூட்டைகளுக்குத் தாங்களே ஏதோ ஒரு பெயரும் எண்ணும் கொடுத்துக்கொள்வார்கள். வெஸ்லி சார் கொடுத்த பெயர் லாலாகுடா. லாலாகுடா ஒன்று, லாலாகுடா இரண்டு என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

அவருடைய அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் பையன்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடம் போவார்கள். அங்கே ஒரு வாத்தியாருக்கு எந்தப் பையன் பெயரும் நினைவில் நிற்காது. "லாலாகுடா ஒண்ணு, எந்திரி. லாலாகுடா மூணு, பலகையைத் துடை" என்பாராம். "நான் லாலாகுடா நாலு மா" என்று வெஸ்லி சார் ஒரு நாள் என்னிடம் சொன்னார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் அந்த வாத்தியாரை நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய மனைவி ஜெயசுந்தரி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அல்வாலில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டர். ஒன்று விட்டு ஒரு நாள் காலையில் சார் அக்காவைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்ப்பார். செலவு முழுவதும் கம்பெனி இன்ஷூரன்ஸ். கம்பெனி உள்ளவரை ஜெயசுந்தரி அக்காவுக்கு ஊசியும் இயந்திரமும் உண்டு. இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த சென்டரில் ஒரு நாள் கூட்டம். உதவிக்கு இருந்த பையன் ஒருவன் எல்லாப் படுக்கைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க நேரமில்லை. பார்த்தாயா என்று நர்ஸ் கேட்டபோது "நார்மல்" என்று சொல்லிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அக்கா மயங்கிப்போனாள். எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தார்கள். கண் விழித்ததும் அக்கா அந்தப் பையனைத் திட்டவில்லை. "பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு தம்பி. நார்மல்னு மட்டும் சொல்லாதே" என்றாள்.

மறுநாள் வெஸ்லி சார் அலுவலகத்துக்கு வந்து பார்சரைத் திறந்து ஒரு புதிய வரி சேர்த்தார். கருவி ஓடி முடித்ததும், பிழைகளுக்கு மேலே, பெரிய எழுத்தில், படிக்காமல் விட்ட வரிகள் இத்தனை என்று வரும். எவை எவை என்றும் சொல்லும். முதல் தடவை அந்த எண்ணைப் பார்த்ததும், தப்பாக ஓட்டிவிட்டேனோ என்று மறுபடி ஓட்டினேன். அதே எண்தான். இத்தனை வருஷமாக நான் சோதித்துச் சோதித்து நல்லது என்று முத்திரை குத்திய கருவி, கொடுத்ததில் கணிசமான பங்கைப் படிக்காமலே இருந்திருக்கிறது. "சார், இதை வெளியில காட்டணுமா?" என்று கேட்டேன். "கைக்கு மா, ஏன் மறைக்கணும்? இருக்கிறது இருக்குதானே" என்றார். அப்போது கணேஷ்குமாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு விற்பனை இறங்கியது. எங்கள் கருவி மட்டும் தன் குறையைத் தானே தண்டோரா போட்டது. மற்ற கருவிகள் எல்லாம் கற்பில் சிறந்தவை. ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கழன்றுகொள்ள, கடைசியில் எங்களுக்கு வாழ்வா சாவா என்று வந்து நின்றது ஒரு லிஃப்ட் கம்பெனி. ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளில் அவர்கள் லிஃப்ட்தான். அவர்களுடைய நிரலைப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அனுப்பும் முன் ஏதாவது ஒரு கருவி முழுவதும் படித்திருக்க வேண்டும். இரண்டு கருவிகளை ஓட்டிப் பார்த்து ஒன்றை வாங்குவதாகச் சொன்னார்கள். ஒன்று எங்களுடையது. இது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று கணேஷ்குமார் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சொல்லும்போது அவர் வெஸ்லி சாரைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தோம்.

லிஃப்ட் நிரலை முதல் தடவை ஓட்டியபோது வந்த எண் கண்றாவி. வெஸ்லி சார் ஒவ்வொன்றாகப் பிடித்தார். செருகி வைத்த குறிகளுக்கு ஒட்டுப் போட்டார். ஒரு வாக்கியத்தின் பாதியைச் சுருக்கெழுத்துக்குள் ஒளித்து வைத்த மகானுபாவர் ஒருவர் இருந்தார், அவரையும் பிரித்துப் பார்த்தார். டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்தே பாதியை முடித்தார். எண் குறைந்துகொண்டே வந்தது. நானும் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தமிழ்ச் சபையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது, அக்காவின் சுகத்துக்குப் பின்னால் இப்போது சாரின் வேலையும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் ஒரு கொத்து வரிகள் அசைய மறுத்தன. எல்லாம் சுவிட்ச் விவகாரம். அதில் ஒன்று, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மோட்டாரை விடுவிக்கும் பகுதி. பழைய போர்டுக்கு ஒரு திறப்பு, புதிய போர்டுக்கு ஒரு திறப்பு, இன்னும் எதற்கோ ஒரு திறப்பு, மூடல் ஒன்றே ஒன்று.

லிஃப்ட் கம்பெனியில் எங்களோடு பேசிக்கொண்டிருந்தவன் தீபக். நல்ல பையன்தான், ஹிந்தியில் மெதுவாகப் பேசுவான். எந்தெந்தச் சுவிட்ச் எந்தெந்த லிஃப்டில் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் படித்துவிடலாம் என்று வெஸ்லி சார் அவனிடம் போனில் கேட்டார்.

"அது தெரிஞ்ச ஆள் வேலையை விட்டுப் போயிட்டார் அங்கிள்" என்றான் தீபக்.

"அவர் எழுதி வெச்சிருப்பாரே?"

"அவர் மெஷினை ஃபார்மேட் பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"அப்ப உங்க லிஃப்ட்ல எது ஓடுதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

"ஓடிட்டுதான் இருக்கு" என்றான் தீபக். இதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? வெஸ்லி சார் நன்றி சொல்லிப் போனை வைத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது திறமையால் தீரக்கூடிய விஷயம் இல்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை எந்தக் கருவியாலும் படிக்க முடியாது.

லிஃப்ட் கம்பெனியில் கருவியை ஓட்டிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் கணேஷ்குமார் எங்கள் மேஜைப் பக்கம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெஸ்லி, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போடுங்களேன்."

எந்த வரி என்று வெஸ்லி சார் கேட்கவில்லை. விட்ட வரிகள் இத்தனை என்று காட்டும் அந்த வரிதான்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. சும்மா இருந்தாப் போதும். அந்த இன்னொரு கருவி விட்டதைச் சொல்லுதுன்னா நெனைக்கறீங்க? சத்தியமாச் சொல்லாது. நாம மட்டும் அரிச்சந்திரன் வேசம் கட்டி என்னாவறது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வீட்டுல அவங்களை நெனைச்சுத்தான் சொல்றேன். எனக்கென்னங்க, ஊருக்குப் போயித் தேங்கா வித்துக்குவேன்."

அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? எனக்கே அந்த வரியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் கை அரித்தது. எவனோ ஒருவன் எங்கேயோ அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்கு ஜெயசுந்தரி அக்கா ஏன் சாக வேண்டும்? வெஸ்லி சார் மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மதியம் லிஃப்ட் கம்பெனிக்குப் போகும்போது ஆட்டோவில் நான் கேட்டேன். "எடுத்துட்டீங்களா சார்?"

"எடுத்தேன் மா. ஓட்டுனேன். பூஜ்யம் வந்துச்சு." மடியிலிருந்த மடிக்கணினிப் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "காலைல சென்டர்ல அவ பக்கத்துலதான் படுத்திருந்தா. ஊசி போட்டிருந்தாங்க. ஸ்கிரீன்ல பூஜ்யம், பக்கத்துல இவ. பாக்க முடியல. திருப்பிப் போட்டுட்டேன்."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"நக்கோ மா, வேண்டாம்னு விட்டுட்டேன். கேட்டா அவ திருப்பிப் போடுங்கன்னுதான் சொல்லுவா. அப்புறம் நானே அவளைச் சாகச் சொன்ன மாதிரி ஆயிடும். நானாப் போட்டதா இருக்கட்டும்."

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மரியாதையெல்லாம் வரவில்லை. நல்லவனாக இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும், அது இல்லாதவருக்கு எதற்கு இந்த வீம்பு என்று நினைத்தேன்.

பெரிய திரையில் இரண்டு கருவியின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். எங்களுடையதில் படிக்காமல் விட்ட வரிகள் முப்பத்தெட்டு. மற்றதில் அப்படி ஒரு தலைப்பே இல்லை, பச்சை நிறத்தில் பிழை பூஜ்யம் என்று இருந்தது. தீபக்கின் மேலதிகாரி அம்மாள், விஜயகுமாரி என்று பெயர், எங்களைப் பார்த்து இரக்கமாகப் புன்னகை செய்தார். வெஸ்லி சார் எழுந்து, கதவுப் பகுதியை யாராலும் படிக்க முடியாது, படித்ததாகச் சொல்கிற கருவி தாண்டிப் போயிருக்கிறது என்று விளக்கினார். அவருடைய ஆங்கிலம் நிதானமானது, ஒரு சொல் தவறவில்லை. கேட்டவர்களுக்குத் தோற்றவன் புலம்பலாகத்தான் கேட்டது.

அவர்கள் வாங்கியது அந்த இன்னொரு கருவியைத்தான். எங்கள் கம்பெனி மூடியது. கணேஷ்குமார் மேஜைகளை விற்று எங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். இன்ஷூரன்ஸ் அந்த மாதக் கடைசியோடு நின்றது. புதிதாகத் தனியே எடுக்கப் போனால், இருக்கிற நோய்க்குக் கிடையாது என்றார்கள். "டாடி, யூ டிட் தி ரைட் திங்" என்றாள் அவர்கள் மகள் எமி. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். சரியானதைச் செய்தவர் மறுநாளே வேலை தேடக் கிளம்பினார்.

ஐம்பத்து நாலு வயதில் ஹைதராபாத்தில் வேலை தேடுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போன இடத்தில் ஒருவன், இதையெல்லாம் இப்போது ஏஐ படித்துவிடுமே என்றானாம். விட்டதைச் சொல்லுமா என்று இவர் கேட்டாராம். வாய் சும்மா இருந்தால்தானே? கடைசியில் அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் மணிக்கணக்குச் சம்பளத்தில் சேர்ந்தார். நேர்முகத் தேர்வில் கேட்கிற குதர்க்கமான சி கேள்விகளுக்கு விடை சொல்லித்தர வேண்டும். வாழ்நாளெல்லாம் எந்தக் குதர்க்கத்தோடு மல்லுக்கட்டினாரோ அதையே பையன்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார். அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே கூட்டம் அதிகம், படுக்கை கிடைப்பது வாரம் இரண்டு முறைதான். அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

எனக்கு வேலை கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே லிஃப்ட் கம்பெனி. "எங்க புரோகிராமை எங்களைவிட நீங்கதான் நல்லாப் பாத்திருக்கீங்க" என்று தீபக்கே கூப்பிட்டான். மானம் பார்த்தால் ஹாஸ்டல் வாடகை கட்ட முடியுமா? போய்ச் சேர்ந்தேன். நாச்சாரத்தில் அலுவலகம், நல்ல நாற்காலி, இன்ஷூரன்ஸ்கூட உண்டு.

சேர்ந்து சில நாள் கழித்து, அவர்கள் வாங்கிய அந்தக் கருவியை முதல் தடவையாக என் கையால் ஓட்டினேன். பளபளவென்று இருந்தது. ஓடி முடித்ததும் நிரலில் உள்ள மூட்டைகளையெல்லாம் மரம்போல் விரித்துக் காட்டியது. நான் சும்மா கீழே உருட்டிக்கொண்டு போனேன். கதவு, மோட்டார், பொத்தான் என்று பெயர் உள்ளவை முடிந்து பெயர் இல்லாதவை வந்தன.

லாலாகுடா ஒன்று. லாலாகுடா இரண்டு. லாலாகுடா மூன்று.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெங்களூருக்கு விற்ற அந்தப் பிரதிதான். மேலே பெயின்ட் அடித்து, வேறு பெயர் வைத்து, பச்சைப் பூஜ்யம் போட்டு விற்றிருக்கிறார்கள். உள்ளே இருப்பது வெஸ்லி சாரின் பழைய பார்சர், வாய் திறக்காமல் தாண்டிப் போகப் பழகியது. அன்றைக்கு அந்தப் பெரிய திரையில் வெஸ்லி சாரைத் தோற்கடித்தது வெஸ்லி சாரேதான். உடனே தீபக்கைக் கூப்பிட்டேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். கதவுப் பகுதியை இது படிக்கவே இல்லை, தாண்டிவிட்டது, எனக்கு இந்தப் பார்சரின் குணம் தெரியும் என்றேன்.

"ஆனா பூஜ்யம்னு வந்திருக்கே" என்றான்.

"படிக்காததால பூஜ்யம்."

"சர்ட்டிபிகேட் வந்துடுச்சு சகுந்தலா. லிஃப்ட் எல்லாம் கஸ்டமருக்குப் போயிடுச்சு. இப்ப இதைக் கிளப்பினா என் வேலையும் போகும், உன் வேலையும் போகும். வேணும்னா நீ அந்தப் பகுதியைக் கண்ணால படிச்சுப் பாரேன்."

படித்தேன். பல தடவை படித்தேன். சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. எழுதியவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பக்கூடாது என்றுதானே கருவி வைக்கிறார்கள்? விஜயகுமாரி அம்மாளுக்கும் எழுதினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

வெஸ்லி சாரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. அவர் சொன்னது சரி என்று ஒருவராவது அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அக்காவுக்கு டயாலிசிஸ் நாளன்று காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழே லிஃப்டுக்கு முன்னால் இருந்த கூட்டத்தில் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டயாலிசிஸ் வார்டு மூன்றாவது மாடி. அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இரண்டடி தள்ளி வந்தார். நான் சொன்னேன்.

முதலில் அவர் முகம் மலர்ந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "பேரை மாத்தலையா? லாலாகுடான்னேவா இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப உள்ள நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஒருத்தனுக்கும் பிரிச்சு மாத்தத் தெரியல பாரு." பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. "விட்ட வரியை எண்ணுற கவுன்ட்டர் போடுறதுக்கு முந்தின வெர்ஷன், இல்ல?"

"ஆமா."

"கதவு ஃபங்ஷன்?"

"தாண்டியிருக்கு சார். யாரும் பாக்கல. இனிமேலும் பாக்க மாட்டாங்க."

"ஹவ், பாக்க மாட்டாங்க" என்றார். மெதுவாகத் தலையை ஆட்டினார். இன்னும் ஏதோ கேட்க வந்தவர், என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்து நின்றுவிட்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். லிஃப்ட் கதவுக்கு மேலே எஃகுத் தகட்டில், நான் இப்போது வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியின் பெயர். புதிதாக மாட்டியிருந்தார்கள், பிளாஸ்டிக் உறைகூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

"ஏங்க, வாங்க. லேட்டாப் போனா படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் ஜெயசுந்தரி அக்கா. என்னைப் பார்த்ததும் அந்தச் சாம்பல் முகத்தில் ஒரு சந்தோஷம். "நீயும் வாயேன் சகுந்தலா. ரொம்ப நாளாச்சு பேசி."

வெஸ்லி சார் படிக்கட்டைப் பார்த்தார். அக்காவின் கால்களைப் பார்த்தார். மூன்று மாடி. இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். அந்தப் பழைய சென்டர் தரைத்தளத்தில் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஏன் வந்து சொன்னேன் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் மற்றவர்களைப் போலப் பேசாமல் ஏறியிருப்பார். என்னால் அவருக்கு ஆன உபகாரம் அவ்வளவுதான்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. கூட்டம் உள்ளே போனது. வெஸ்லி சார் அக்காவை எழுப்பி, கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் மூலையில் சுவரோரமாக நிறுத்தினார். பிறகு அவளுக்கும் கதவுக்கும் நடுவில் தான் வந்து நின்றுகொண்டார். நானும் ஏறினேன். ஏறாமல் எப்படி நிற்பது? யாரோ மூன்றை அழுத்தினார்கள். கதவு நடுவில் வந்து ஒரு கணம் தயங்கி, பிறகு மூடியது. வெஸ்லி சார் கண்ணை எடுக்காமல் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க ரெண்டு பேரும் கதவையே பாக்குறீங்க? எதாச்சும் ரிப்பேரா?" என்றாள் அக்கா.

வெஸ்லி சார் திரும்பவில்லை.

"ஒண்ணும் இல்ல ஜெயா" என்றார். "நார்மல்தான்."